தட்டின் இடப்பக்கம் மூன்று இறால்

ஜப்பானில் என்ன சாப்பிட்டாய் என்று என்னை இன்னும் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், ரயிலில் கேட்கிறார்கள், முடிவெட்டும் கடையில் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் விமானம் ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நான் ஒருவன். பச்சை மீன் தின்றேன், பாசியில் வைத்த சாறு குடித்தேன் என்பேன். கேட்டவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த விருந்தில் நான் வாயைத் திறந்து சொன்ன இரண்டு வார்த்தையால் பதினெட்டுப் பெண்களுக்கு வேலை போயிற்று, அதில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா என்பதை மட்டும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று யாரோ சொன்னார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. பொன்னேரியில் பள்ளியிறுதி வரை படித்துவிட்டதால் நான் வலையிலிருந்து தப்பித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் மெட்ராஸ்காரர் ஒருவர் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி, இறால் கம்பெனி ஆரம்பித்தார். அதுவரை மரக்கடை வைத்திருந்தவர். ஏரி இறாலை ஜப்பான்காரன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறான் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். வடக்கே கும்மிடிப்பூண்டியில் பெரிய தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பாக்கத்து ஆண்களெல்லாம் இரும்பு வேலைக்குப் போகப் போகிறோம் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு அதற்கு முன்பே இறால் வேலை கிடைத்துவிட்டது.

வேலை என்றால், தலை கிள்ளுவது. நீளமான சிமெண்டு மேடையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு, ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்து எடுத்துத் தலையைக் கிள்ளிப் போடுவார்கள். விரலெல்லாம் ஊறி, கொம்பு குத்திப் புண்ணாகி இருக்கும். கிள்ளியதைக் கழுவி, அளவு பிரித்து, தகரத் தட்டில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி உறைய வைப்போம். செங்கல் மாதிரி கட்டியாக வரும். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் என்றைக்குச் சரக்கு என்று எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். அந்தச் சீட்டு எழுதுகிறவன் நான். அதற்கு முன்னால் முகர்ந்து பார்க்கிறவனும் நான்தான். தலை கிள்ளிய கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், நல்லது என்றால் வலப்பக்கக் கூடை, ஆகாது என்றால் இடப்பக்கக் கூடை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். தூக்கத்தில்கூட என் வலது கை அப்படி அசையும் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இறாலுக்கு விலை வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் இறால் சாப்பிடுவதில்லை. உடம்பு ஜப்பானுக்கு, தலை எங்களுக்கு. கிள்ளிய தலைகளைப் பெண்கள் அலுமினியக் குண்டானில் வாரிக்கொண்டு போய்ப் புளி கரைத்துக் குழம்பு வைப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும்.

மேடையின் முதல் இடத்தில் நிற்பவள் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஆனால் மூக்கு என்றால் அவள் மூக்குதான். எனக்குச் சந்தேகம் வந்தால் இறாலை அவள் பக்கம் நீட்டுவேன். அவள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்; காற்றில் வருவதை வைத்தே ‘இடது’ என்பாள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் நாற்காலியும் பேனாவும் எனக்கு, ஈரத் தரை அவளுக்கு. அதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ‘என் தம்பிதான் இங்க மேஸ்திரி’ என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்லும்போது குரலை உயர்த்திக்கொள்வாள்.

எங்கள் சரக்கை வாங்குகிற ஒசாகா கம்பெனியிலிருந்து ஒரு தடவை ஆள் வந்து இறால் கிள்ளுகிற கொட்டகையையும் நான் முகர்ந்து பிரிப்பதையும் பார்த்துவிட்டுப் போனான். போன இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அடுத்த வருஷத்து ஆர்டரைப் பற்றிப் பேச முதலாளியை ஒசாகாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூடவே, முகர்ந்து பார்க்கிற அந்த மனிதரையும் அழைத்து வரவும் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மூக்கைச் சோதித்துப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பொன்னேரித் தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போய்விட்டேன்.

நாங்கள் கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பு ஒரு அமாவாசை. ஏரியில் இறால் கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. விடியற்காலையிலேயே படகுகள் வந்துவிட்டன. பார்த்து அன்றைக்குத்தான் மின்வெட்டு. ஐஸ் பாக்டரி நின்றுபோய், காலையில் வரவேண்டிய ஐஸ் மத்தியானம் தாண்டித்தான் வந்தது. அதுவரை இறால் ஈரச் சாக்கின் அடியில் கிடந்தது. மேலே தகரக் கூரை. பெண்கள் நிற்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை நாலு மணிக்குத் துறைமுகத்துக்கு லாரி போக வேண்டும், அதற்குள் உறைந்தாக வேண்டும், கப்பல் காத்திருக்காது என்று முதலாளி கொட்டகை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா ஓர் இறாலைக் கொண்டுவந்து என் மூக்கெதிரே பிடித்தாள்.

“தம்பி, இத மோந்து பாரு. வாட வந்துகினு கீது. தள்ளிடு.”

“ஐஸ் வந்துடுச்சிக்கா. போயி வேலயப் பாரு.”

“ஐஸ் வந்தா வாட போய்டுமா? நாங்க கிள்ன கூலி போனா போவுது. தள்ளுடா. கம்பெனி பேரு கெட்டா அப்பால யாருக்கும் வேல இல்ல.”

சரக்கை ஆகாது என்று தள்ளினால் அதைக் கிள்ளிய பெண்களுக்குக் கூலி கிடையாது. அது தெரிந்துதான் சொன்னாள். நான் முகர்ந்தேன். நனைந்து புழுங்கிய சாக்கின் வாடை. எந்தச் சந்தேகமும் இல்லை. வாசலில் முதலாளி நிற்கிறார். என் பாஸ்போர்ட் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை ஒரு நாளைக்கு மூன்று தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. லாரி நின்றுபோனால் பயணமும் நின்றுபோகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த இறாலை வலப்பக்கக் கூடையில் போட்டேன். முந்தின நாள் வந்த நல்ல சரக்கோடு அதையெல்லாம் கலக்கச் சொன்னேன். சீட்டும் எழுதினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடைக்குத் திரும்பிப் போனாள். மற்றப் பெண்கள் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

விமானத்தில் முதலாளி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். “இன்னா குட்த்தாலும் துன்னு, நைனா. மூஞ்சியச் சுளிக்காத. நல்லா கீதுன்னு தலயாட்டு. ஒண்ணும் பேசாத, பேசறத நான் பாத்துக்கறேன்.” எனக்கும் அதுதான் வசதி. என்னுடையது பள்ளிக்கூட இங்கிலீஷ். அதை வைத்து லீவு லெட்டர் எழுதலாம், ஒரு வாய்ப் பேச்சுக்கு ஆகாது.

ஒசாகாவில் இரண்டாவது நாள் பொழுது சாய்கிற நேரத்தில் விருந்து. கோரைப்பாய் விரித்த அறை, முழங்கால் உயர மேசை. எங்களோடு உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாங்குகிற கம்பெனியின் பெரியவர். அறுபது வயதிருக்கும், கை மட்டும் வேலைக்காரன் கை. இன்னொருவர் அவர் சொல்வதை இங்கிலீஷில் சொல்லுகிறவர். பெரியவர் சின்ன வயதில் மீன் சந்தையில் கூடை தூக்கியவராம். அதை அவரே பெருமையாகச் சொன்னார். கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பயந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு கிண்ணத்தில் சாறு வந்தது. உள்ளே பச்சையாக எதுவோ மிதந்தது. பாசி. எங்கள் ஏரியில் வலையில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிற பாசி. மணிக்கணக்கில் உட்கார்ந்து சுரண்டி எறிவோம். இங்கே அதைச் சாறு வைத்து, மூடி போட்ட கிண்ணத்தில் தருகிறார்கள். குடித்தேன். கடல் தண்ணீரைக் காய்ச்சியது போல இருந்தது. தலையாட்டினேன்.

அப்புறம் பச்சை மீன். நான் மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்தவன். ஆனாலும் எங்கள் வீட்டில் மீனை உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் சட்டியில்கூட வைக்க மாட்டார்கள். இங்கே சிவப்புச் சிவப்பாகத் துண்டு போட்டு, பூ மாதிரி அடுக்கி, அப்படியே வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். முதலாளி அவர் பங்கை அநாயாசமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மரக்கடைக்காரருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அதற்கடுத்து கடம்பா, கணவாய் என்பார்களே அது, இடியாப்பம் போல மெல்லிசாகக் கீறியது. எங்கள் ஊரில் அந்த நாளில் கடம்பாவைத் தூண்டிலில் இரையாகக் குத்துவோம்; மனிதன் தின்னுகிற பொருள் என்று யாரும் நினைத்ததில்லை. தூண்டில் இரையைத் தின்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. நான் சிரித்ததைப் பார்த்துப் பெரியவரும் சிரித்தார். நாங்கள் தூக்கி எறிவதையெல்லாம் இவர்கள் விருந்து வைக்கிறார்களே என்று உள்ளூர ஓர் இளக்காரம்கூட வந்துவிட்டது. இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர், கையாலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பாடா என்றிருந்தது.

கடைசியாக ஒரு தாம்பாளத்தில் இறால் வந்தது. தோலோடு ஆவியில் வேகவைத்தது. காரம் இல்லை, புளி இல்லை. இருந்தாலும் இறால். மேசையில் எனக்குத் தெரிந்த ஒரே சாப்பாடு. என் தட்டில் ஏழெட்டு வைத்தார்கள். நல்ல பசி வேறு. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. கட்டைவிரல் கழுத்தில் போய் அழுத்திற்று. மூக்கருகே வந்தது. தட்டின் இடப்பக்கம் வைத்தது. அடுத்தது. வலப்பக்கம். அடுத்தது. இடப்பக்கம். முதலாளி ஏதோ சுங்கத் தொல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஐந்து இறாலைப் பிரித்துவிட்டேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. ஆறாவதை எடுக்கும்போது பேச்சு நின்றுவிட்டது தெரிந்து நிமிர்ந்தேன். பெரியவர் முதலாளியைப் பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்குக் கூப்பிட்டவர் இலையில் போட்ட பதார்த்தத்தை முகர்ந்து ஒதுக்கிவைத்தால் எங்கள் ஊரில் அடி விழும். கையிலிருந்த ஆறாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“சூடா கீதுன்னு சொல்லு,” என்றார் முதலாளி தமிழில், சிரித்த முகம் மாறாமல். “ஆறட்டும்னு எட்த்து வெச்சன்னு சொல்லு, நைனா.”

அதற்குள் பெரியவர் கை நீட்டி, நான் இடப்பக்கம் வைத்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, என்னைப் போலவே கழுத்தை அழுத்தி முகர்ந்தார். தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஈரத்தில் ஊறி உலர்ந்த சீட்டு. என் கையெழுத்து. அமாவாசை நாளின் எண்.

அந்த ஒரு நாள் சரக்கில் பாதி இப்படி இருக்கிறது என்றார் மொழிபெயர்ப்பாளர். ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நல்ல கட்டியிலிருந்தும் இந்தக் கட்டியிலிருந்தும் எடுத்துக் கலந்து வேகவைக்கச் சொன்னது பெரியவர்தான். உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்க விரும்பினார், முடிகிறது, அவருக்கு மிகவும் சந்தோஷம் என்றார். அப்புறம், கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் இருக்கும்போது இது எப்படிக் கப்பல் ஏறியது என்று கேட்டார். பெரியவரின் குரலில் கோபமே இல்லை. அவருக்கு அது விளங்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி குனிந்து கிண்ணத்தைப் பார்த்தபடி, “பாத்துப் பேசு. ஆர்டரு இப்ப உன் வாயிலதான் கீது,” என்றார்.

உண்மை ரொம்பச் சின்னது. ஐஸ் வரவில்லை, எங்கள் அக்கா தள்ளச் சொன்னாள், நான் தள்ளவில்லை. என் இங்கிலீஷுக்கே எட்டக்கூடிய உண்மைதான். அந்த நேரத்தில் அக்கா முகம் ஞாபகம் வரவில்லையா என்று யாராவது கேட்டால், வந்தது. வந்தும்தான் சொன்னேன்.

“லேடீஸ் மிஸ்டேக், சார்.”

மொழிபெயர்ப்பாளர் புரியாமல் பார்த்தார். முதல் பொய்தான் கஷ்டம் போலிருக்கிறது. அதற்கப்புறம் எனக்கு இங்கிலீஷ் கூட நன்றாக வந்தது. தலை கிள்ளுகிறவர்கள் கிராமத்துப் பெண்கள், படிக்காதவர்கள், பேசிக்கொண்டே நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள், பழைய இறாலை ஐஸுக்கு அடியில் மறைத்துவிடுகிறார்கள், என் கண்ணை மறைத்து நல்லதோடு கலந்துவிடுகிறார்கள் என்றேன். கலக்கச் சொன்ன அதே வாயால் சொன்னேன். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து, “எஸ், எஸ். வெரி டிஃபிகல்ட் லேடீஸ்,” என்று சேர்ந்துகொண்டார்.

பெரியவர் நீளமாக ஏதோ பேசினார். அதன் சாரம் இது: அந்தப் பெண்களை மாற்றிவிடுங்கள், இந்த மூக்கை மாற்றாதீர்கள், இவர் கையெழுத்துப் போட்ட சரக்கை அடுத்த வருஷமும் வாங்குகிறோம். பிறகு எனக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளுருண்டை ஒன்றை வரவழைத்தார். கடற்கரையில் காலில் குத்தினால் வாரக்கணக்கில் நொண்ட வைக்குமே, அதேதான். அதை இரண்டாகப் பிளந்து, உள்ளே மஞ்சளாக வழவழவென்று இருந்ததைத் தன் குச்சியாலேயே எடுத்து என் தட்டில் வைத்தார். நேர்மையான ஆளுக்குத்தான் இதைக் கொடுப்பேன் என்றாராம். இடப்பக்கம் இருந்த மூன்று இறாலையும் பணிப்பெண் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதைத் தின்றேன். அன்றைக்குத் தின்றதிலேயே அதுதான் ருசியாக இருந்தது. வெண்ணெய் போலக் கரைந்து, லேசாகத் தித்தித்தது. இன்னொன்று வைத்தால் தேவலை என்றுகூட இருந்தது. அந்த ருசியை என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை. குமட்டியிருந்தால், வாந்தி எடுத்திருந்தால், நானும் மனிதன்தான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருப்பேன்.

திரும்பி வரும்போது முதலாளி என் தோளில் தட்டிக்கொண்டே வந்தார். “சமாளிச்சிட்ட நைனா. எனக்கே கையும் ஓடல காலும் ஓடல. நீ ஒரே போடா போட்ட.” அமாவாசை அன்று என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் நின்றவர்தானே. ஆனால் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கேரளாவிலிருந்து பெண்களை வரவழைத்து, கொட்டகையிலேயே தங்க வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்கக்காவ மட்டும் வெச்சிக்கலாமா? அது நல்லா வேல செய்யற பொம்பள,” என்றார்.

“வேணாம் முதலாளி. ஒருத்தர வெச்சிக்கினு மத்தவங்கள அனுப்புனா ஊர்ல பேச்சு வரும்,” என்றேன்.

பெரிய நியாயவான் மாதிரி சொன்னேன். அவரும் மெச்சிக்கொண்டார். அவளைத் தினமும் அந்த மேடையின் முதல் இடத்தில் பார்த்துக்கொண்டு என்னால் நாற்காலியில் உட்கார முடியாது என்பதுதான் காரணம்.

பெண்களிடம் சொல்லுகிற வேலையை முதலாளி என் தலையிலேயே கட்டினார். காலை ரயில் போன பிறகு, கொட்டகை வாசலில் பதினெட்டுப் பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன். ஜப்பான்காரர்கள் சரக்கில் குறை சொல்லிவிட்டார்கள், ஆளை மாற்றச் சொல்லிவிட்டார்கள், முதலாளிக்கும் வேறு வழியில்லை என்றேன். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். “எங்க வாயில மண்ணப் போட்டவன் நல்லா இருப்பானா? அவன் துன்ற சோறு ஒட்டுமா?” என்று கத்தினாள். இன்னொருத்தி, “இன்னாத்துக்கு நம்ம மேல குத்தம் சொல்றான்? நாம இன்னா பண்ணோம்?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள்.

அக்கா அவர்களை அடக்கிவிட்டு என் கையைப் பிடித்துக் கொட்டகையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் விரல் எப்போதும் போல ஊறி வெளுத்து இருந்தது.

“அந்த அமாவாச அன்னிக்கி சரக்கா?”

“ஆமாக்கா.”

அவள் என்னைத் திட்டவில்லை. நீதானே வலப்பக்கம் போட்டாய் என்று கேட்கவில்லை. ஊர்கூடி நிற்கும்போது கேட்டிருந்தால் எனக்குத் தலை நிமிர வழியிருந்திருக்காது. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் மோந்துட்டுத் தள்ளச் சொன்னன்னு அங்க சொன்னியாடா?”

அவளுக்கு வேலையைவிட அது பெரிதாக இருந்தது. தன் மூக்கைத் தாண்டிக் கெட்ட சரக்குப் போயிற்று என்று கடல் தாண்டி இருக்கிறவன் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

“சொன்னேன்க்கா,” என்றேன்.

“அவுங்க இன்னா சொன்னாங்க?”

“நல்ல மூக்குன்னு சொன்னாங்க.”

அவள் முகம் தெளிந்துபோயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது போதும். வேல போனா போவுது,” என்று சொல்லிவிட்டு மற்றவர்களிடம் போனாள். மத்தியானத்துக்குள் பதினெட்டுப் பேரும் அலுமினியக் குண்டானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத் தலை கிள்ளாததால் குண்டான் எல்லாம் காலியாக இருந்தது.

கேரளப் பெண்கள் வந்தார்கள். நல்ல பெண்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சம்பளம் ஏறிற்று. எங்கள் பெண்களில் சிலர் பொன்னேரி வயல்களுக்கு நடவுக்குப் போனார்கள். அக்கா கூடை தூக்க ஆரம்பித்தாள். ஏரியில் மீன் வாங்கி, சுமந்துகொண்டு வந்து, பொன்னேரி சந்தையில் விற்பாள். நாற்பதைத் தாண்டிய பிறகு தலைச்சுமை பழகுவது லேசான காரியம் இல்லை. கழுத்து வலி என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, நடையில் தெரிந்தது.

நான் சந்தைப் பக்கம் போவதைக் கூடியவரை தவிர்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்பிக்க முடியவில்லை. மனைவி கேட்ட காய்கறியை வாங்கிக்கொண்டு மீன்கடைகளைக் கடந்து போகும்போது அக்கா பார்த்துவிட்டாள். “இன்னாடா, நாஷ்டா ஆச்சா?” என்று கூப்பிட்டாள். போய் நின்றேன். வேப்பம்பட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா, உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவராம், கூடையில் இருந்த மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்துப் புடிச்சதா இன்னிக்கிப் புடிச்சதா? நெஜமா சொல்லும்மா.”

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என்னயா கேக்கற? கெட்ட மீனு என் மூக்கத் தாண்டி வராது. இங்க மட்டும் இல்ல, ஜப்பான்காரனே நல்ல மூக்குன்னு சொன்னாம்மா. சும்மா சொல்லல. தோ நிக்கறான் பாரு என் தம்பி, அவன்தான் ஜப்பான் போயி அவங்ககிட்ட சொல்லிட்டு வந்தவன். அவனயே கேளு.”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். சந்தை முழுக்க இதை எத்தனை பேரிடம் எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறாளோ தெரியாது. பக்கத்துக் கூடைக்காரிகள்கூட, எல்லாம் தெரிந்த கதைதான் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாம்மா,” என்றேன்.

அந்த அம்மா அரை கிலோ வாங்கிக்கொண்டார்.